எட்டு லைன், ஐந்து போன்

"அஞ்சுதான் முதலாளி இருக்கு. ஐஸ் ரூமுக்குள்ளகூடப் போய்த் தேடிட்டேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கணக்கர் கழித்தலின் பற்கள் தந்தியடித்துவிட்டன. ஐஸ்கிரீம் மொத்த வியாபாரக் கம்பெனிக்குக் கணக்கு எழுத வந்த மனுஷன், ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, டார்ச் லைட்டும் கையுமாக வெனிலா டப்பாக்களுக்குப் பின்னால் டெலிபோன் தேடுவார் என்று யார் கண்டது!

முதலாளி போன் பில்லை மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு நம்பராக விரலை வைத்து மறுபடி எண்ணினார்.

"பில்லுல எட்டு லைன் இருக்கு கணக்கரே. இங்க இருக்கறது அஞ்சு போன். மீதி மூணு எங்க போச்சு? உருகிப் போச்சா?"

"அதான் புரியலை முதலாளி."

"எனக்கும் புரியலை. அப்பா காலத்துலேர்ந்து இந்தத் தண்டத்தை அழுதுட்டிருக்கோம். மாசக் கடைசிக்குள்ள போன் பில்லைப் பாதியாக்குங்க. உங்க வேலை நிரந்தரம். ஆக்கலைன்னா, தப்பா நினைச்சுக்காதீங்க, வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

கழித்தல் என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. கம்பெனியில் சுமை தூக்குகிறவர்கள் வைத்தது. வேலைக்கு வந்த முதல் வாரமே வந்த தபால் உறைகளைப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாக ஒட்டித் திரும்ப உபயோகித்தவர் அவர். இரண்டாவது வாரம் பேனாக்களை நூலில் கட்டினார். கண்ணில் பட்ட செலவை வெட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கே இதுவரை மூன்று கம்பெனிகளில் வேலை போயிருந்தது. எந்தக் கம்பெனிதான் செலவைக் குறைக்கிறேன் என்று முதலாளி காபியில் கை வைக்கிறவரைத் தாங்கும்?

வீட்டில் அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, இப்படிக் குண்டைத் தூக்கிப் போடறீங்க? நான் அக்காகிட்ட உங்க வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு சொல்லிட்டேனே!"

"எப்போ சொன்னே?"

"நீங்க சேர்ந்த அன்னிக்கு."

மனைவியின் அக்கா புருஷன், அதாவது கழித்தலின் சகலை, ஒரே நாற்காலியில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர். பார்க்கும்போதெல்லாம், "எங்கேயாவது ஒரு இடத்துல நிலையா உக்காருங்க தம்பி" என்று தோளில் தட்டுவார். அந்தத் தட்டு இன்னொரு தடவை விழுந்தால் தாங்கமாட்டோம் என்று கழித்தலுக்கு நன்றாகத் தெரியும்.

"நீ கவலைப்படாதே. என்கிட்ட ஒரு வழி இருக்கு" என்றார்.

அந்த வழியை மறுநாள் காலை முதலாளியிடம் விளக்கினார்.

"போன் இல்லாத அந்த மூணுல ஒரு லைனைப் பிடுங்கணும் முதலாளி. யாரோட லைனோ அவங்க கத்திக்கிட்டு வருவாங்க. யாரும் கத்தலைன்னா அது வேண்டாத லைன்."

"அந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டாப் போச்சே?"

"ஐயையோ! திருடன் உஷாராயிடுவான் முதலாளி!"

முதலாளிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சின்ன வயசு. துப்பறிகிற காரியம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

கழித்தல் டெலிபோன் கம்பெனியைக் கூப்பிட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் அவரைச் சங்கீதம் கேட்க வைத்தது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். போன் இல்லாத மூன்றில், முப்பத்தெட்டில் முடிகிற முதல் நம்பரை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டார்கள்.

ஆபீஸில் யாரும் கத்தவில்லை. கழித்தல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் மேல் மாடிப் பல் டாக்டரின் ரிசப்ஷன் பெண் இறங்கி வந்தாள். எப்போதும் சிரித்த முகம்.

"சார், எங்க போன் செத்துப் போச்சு. கொஞ்சம் சொல்லிச் சரி பண்ணச் சொல்றீங்களா? அதுவரைக்கும் இங்கேர்ந்து ரெண்டு கால் பேசிக்கறேன்."

"அதுக்கென்னம்மா, தாராளமா! அக்கம்பக்கத்துக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

அவள் இரண்டு கால் பேசினாள். பிறகு இன்னும் இருபது பேசினாள். அன்றைக்குப் பல் காட்ட வரவேண்டிய அத்தனை பேருக்கும் நேரம் சொன்னாள். கழித்தல் பக்கத்தில் நின்றுகொண்டு வாயால் சிரித்தார், மனசால் மீட்டர் ஓட்டினார்.

மறுநாள் இரண்டாவது லைனை நிறுத்தச் சொல்லும்போது, கொடுத்த வாக்கை மறக்காமல், "அப்படியே மேல் மாடிப் பல் டாக்டர் போனைக் கொஞ்சம் பாருங்கம்மா. பாவம், திடீர்னு செத்துப் போச்சாம்" என்றார்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

இரண்டாவது லைனும் போனது. ஆபீஸில் யாரும் கத்தவில்லை. ஆனால் மாடித் தையல்காரர், கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றார்.

"தம்பி, நம்ம போனும் போச்சு. சொல்லி வைங்க. ஒரு அவசர கால் இருக்கு."

"பேசுங்கண்ணே, பேசுங்க. என்னவோ தெரியலை, மாடி போனுக்கெல்லாம் காய்ச்சல் வந்தாப்பல இருக்கு."

தையல்காரருக்கு அவசரம் என்று சொல்லத் தெரியுமே ஒழிய அவசரப்படத் தெரியாது. "இடுப்பு எவ்வளவு? நல்லா மூச்சை விட்டுட்டு அளந்து சொல்லுங்கம்மா! போன தடவை இவ்வளவு இல்லையே!" என்று ஆபீஸே அதிரும்படி கேட்டார். சுமை தூக்குகிறவர்கள் டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாவது லைனைப் பிடுங்கியதும் வந்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவரும் மாடிதான். அவருடைய குரலுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து பேசினாலே போதும். ஆனாலும் போனில்தான் பேசினார்.

"நடு ரோட்டுல நிக்குதா? பயப்படாதீங்க! கார்லேர்ந்து இறங்கி எதுக்குப் போன் பூத்துக்கு வந்தீங்க? ஹேண்ட் பிரேக் போட்டீங்களா? போடலையா? அப்போ கார் எங்க? பாருங்க, பாருங்க!"

இப்படியாக இருந்த ஐந்து போனில் மூன்று மாடிக்காரர்கள் கையில் போனது. கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் பாடு அதைவிட மோசம். ஒரு கடைக்காரர் ஸ்ட்ராபெரி கேட்டுப் போன் செய்தபோது, பக்கத்தில் இருந்த தையல்காரர் எடுத்துவிட்டார். பழக்க தோஷம்!

"இப்போ ரொம்ப வேலை இருக்குங்க. வர்ற வெள்ளிக்கிழமை கண்டிப்பா ரெடியாயிடும். நடுவுல ஒரு நாள் வந்து போட்டுப் பாத்துட்டுப் போங்க."

முதலாளி தன் அறையில் ஒரு போனை எடுத்தார். ஒரு கிழவரின் குரல் முனகியது.

"இடது பக்கம், கீழ, கடைசி. உயிர் போகுதும்மா."

"ஐயா, இது ஐஸ்கிரீம் கம்பெனி."

"ஐயோ, அதைச் சாப்பிட்டுத்தாம்மா வந்துச்சு!"

முதலாளி வெளியே வந்தார். முகம் ஸ்ட்ராபெரி நிறத்தில் இருந்தது.

"கணக்கரே, இது ஆபீஸா சந்தையா? எனக்கு ஆர்டர் எடுக்க லைன் இல்லை! ஏதாவது பண்ணுங்க!"

கழித்தல் பண்ணினார். வேறு வழி தெரியாமல், டெலிபோன் கம்பெனியைக் கெஞ்சி, அவசரக் கட்டணம் கட்டி, புதிதாக இரண்டு லைன் வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செலவைக் கூட்டியிருந்தார். புது லைன் வந்ததும் நன்றாகப் போயிற்று என்று, தையல்காரர் தன் தங்கையோடு குடும்ப விஷயம் பேச ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மாசக் கடைசி நெருங்கியது. இதுவரை ஆன தொகை என்ன என்று டெலிபோன் கம்பெனியில் கேட்ட கழித்தல், அப்படியே ரிசீவரைப் பிடித்தபடி சிலையானார். பில் பாதியாகவில்லை. ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. போதாக்குறைக்கு, அவர் சங்கீதம் கேட்ட நேரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அன்று காலைதான் மனைவி, "சாயங்காலம் அக்காவும் மாமாவும் வர்றாங்க. உங்க வேலை நிரந்தர ஆர்டரைப் பாக்கணுமாம் மாமா. மறக்காம கொண்டு வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சகலையின் கை தோளில் இறங்குவது கண்முன்னால் தெரிந்தது. கழித்தலுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

அப்போதுதான் பக்கத்து மேஜையில் ரிசப்ஷன் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஆமாங்க, பழைய நம்பர் வேலை செய்யலை. ஆமா, அதேதான், கடைசியில முப்பத்தெட்டு வருமே, அது."

கழித்தல் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஒரே ஓட்டமாகத் தையல்காரரிடம் ஓடினார்.

"அண்ணே! உங்க நம்பர் என்ன?"

சொன்னார். பில்லில் இருந்தது. டிரைவிங் மாஸ்டர் தன் நம்பரைச் சொன்னது தெருக்கோடிவரை கேட்டது. அதுவும் இருந்தது!

"முதலாளி! கிடைச்சுடுச்சு முதலாளி!" பில்லைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு முதலாளி அறைக்குள் புகுந்தார். "மூணு லைனும் மாடியில இருக்கு! மூணு பேரும் நம்ம காசுல பேசிட்டிருந்திருக்காங்க! கத்துறவங்க வருவாங்கன்னு சொன்னேனே, வந்துட்டாங்க! நான்தான் அவங்களுக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன்!"

முதலாளி வாயைப் பிளந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்பா ரொம்ப நல்லவர். யார் எதைக் கேட்டாலும் குடுத்துடுவார். பரவாயில்லை. அந்த மூணும் போகட்டும், புதுசு ரெண்டையும் நிறுத்திடுங்க, வெளி ஆளுங்க பேச்சும் நின்னுடும். பில் எங்க நிக்கும்?"

கழித்தல் கண்ணை மூடிக்கொண்டு மனக்கணக்குப் போட்டார்.

"பாதிக்கும் கீழ முதலாளி!"

அந்த இடத்திலேயே முதலாளி நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். கழித்தலுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடம் சொன்னார். "மாமா வர்றப்போ வாசல்லயே காட்டிடுங்க" என்று அவள் கத்திய சந்தோஷம் அறை முழுக்கக் கேட்டது.

"மாடிக்காரங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. மனசு நோகக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவைத் திறக்கச் சொன்னார் முதலாளி.

கம்பெனியே கூடிவிட்டது. எல்லார் கையிலும் ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். டிரைவிங் மாஸ்டர் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். சுமை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள். கழித்தல் ஒரு காலி டப்பாமேல் ஏறி நின்று தொண்டையைக் கனைத்தார். நிரந்தர ஊழியராக அவர் பேசுகிற முதல் பேச்சு.

"நடந்தது நடந்து போச்சு. இத்தனை வருஷம் நீங்க பேசினதுக்கு நாங்க ஒண்ணும் கேக்கப் போறதில்லை. பெரிய மனசு பண்ணி விட்டுட்டோம். ஆனா இனிமே அவங்கவங்க செலவை அவங்கவங்க பாத்துக்கணும். அதுதானே நியாயம்? யாராவது இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

யாரும் இல்லை என்று சொல்லவில்லை. முதலாளியே முதலில் கைதட்டினார். கழித்தல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

தையல்காரர் கடைசி வாய் ஐஸ்கிரீமை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நிம்மதியாகத் தலையாட்டினார்.

"ரொம்ப நியாயம் தம்பி. 'போன் என்னோடது, கரண்ட் உங்களோடது'ன்னு பெரிய முதலாளி எங்ககிட்டப் பேசி முடிச்சப்போ அவர்கிட்ட ஒரே ஒரு பிரிட்ஜ்தான் இருந்துச்சு. அன்னிலேர்ந்து உங்க ஐஸ் ரூமுக்கெல்லாம் மாடியில நாங்க மூணு பேரும் கட்டிட்டிருக்கற கரண்ட் பில்லை, இந்த மாசம் உங்ககிட்டயே குடுத்துடட்டுமா?"