நாற்பத்தொன்றாம் கேள்வி

பாசமும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்கு உன் தம்பி எழுதுவது.

நான் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்டால், "கேக்க இப்பத்தான் நேரம் கிடைச்சுதா" என்பாய். ஆகவே சுகம் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி உன் கண் ஆபரேஷனுக்கு என்னால் வர முடியாது. இருபதாம் தேதிக்குள் நூறு படிவம் போய்ச் சேராவிட்டால் ஆய்வு நிலையத்தில் என் வேலை நிரந்தரமாகாது. நாற்பத்தேழு வயதில் மறுபடி விண்ணப்பம் எழுத எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டு டீச்சரைத் துணைக்கு அழைத்துக்கொள். டாக்டர் கெட்டிக்காரர் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஆய்வின் தலைப்பு, கடலோரப் பொருளாதாரங்களில் சமூகத்தின் மீண்டெழும் திறன். புயலோ மீன் பஞ்சமோ வந்து ஒரு ஊர் விழுந்தால், எத்தனை நாளில், யார் கையைப் பிடித்து எழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் எண்பது கேள்வி. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்க்க உன்னிடம் ஒரு படிவத்தை நீட்டினேனே, "கடலே இல்லாத ஊர்ல எனக்கெதுக்குடா புயல்" என்று சலித்துக்கொண்டே நிரப்பினாயே, அதேதான். அதை வாசிக்கக்கூட நேரமில்லாமல் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்த ஊரில் காலை பத்து மணிவரை கடல் இருப்பதே தெரியாது. அப்படி ஒரு பனிமூட்டம். எஞ்சின் சத்தம் வரும், படகு வராது. பேச்சுக் குரல் வரும், பேசுகிற ஆள் வர மாட்டார். எனக்கு அறை ஐஸ் பாக்டரி மாடியில். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டே இருப்பதால் தரை மெல்ல நடுங்குகிறது, தொட்டிலில் கிடப்பது போல. அந்தச் சுகம் உடம்பில் ஊறி, கேள்வி கேட்கப் போன இடத்திலெல்லாம் எனக்குத் தூக்கம் வருகிறது. டீசல் கடைக்காரரிடம் பன்னிரண்டாம் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடியவன் பதினெட்டாம் கேள்வியில் விழித்தேன். நடுவில் இருந்தவற்றை அவரே கேட்டு, அவரே பதிலும் எழுதி வைத்திருந்தார்.

நேற்று படகுத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, நிரம்பிய தொண்ணூற்றொரு படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதும் வழக்கம்போல் கண்ணயர்ந்துவிட்டேன். கால் குளிர்ந்து விழித்தால், கடல் இரண்டு படி ஏறி வந்திருக்கிறது, பை கவிழ்ந்து கிடக்கிறது, தாள்கள் வெள்ளை வெள்ளையாய் மூட்டத்துக்குள் மிதந்து போகின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அக்கா. அப்புறம்தான் அது என்னுடைய பிழைப்பு என்று உறைத்தது. நான் கத்தவில்லை, "ஐயோ" என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அதற்குள் ஏலக்காரர் மீன் ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார், ஐஸ் பாக்டரி முதலாளி செருப்போடு இறங்கினார், வலை தைக்கிற அம்மா கூடையோடு இறங்கினார். இருபதே நிமிடத்தில் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. எண்ணினால் தொண்ணூற்றிரண்டு. ஒன்று எப்படிக் கூடியது என்று நான் யோசிக்கவில்லை. அதிர்ச்சிக்குப் பின் ஊர் எவ்வளவு வேகமாக ஒன்று கூடுகிறது என்பது என்னுடைய மூன்றாம் கேள்வி. இருபது நிமிடம் என்று குறித்துக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை.

பென்சிலால் எழுதியதால் எழுத்து அழியவில்லை. வலை காயவைக்கும் கயிறுகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். பெயர் வேண்டாம், எல்லாம் ரகசியம் என்று வீட்டுக்கு வீடு சத்தியம் செய்திருந்தேன். ஆனால் இந்த ஊரில் ஒருவர் கையெழுத்து இன்னொருவருக்குத் தெரியாதா என்ன. காயவைக்க வந்தவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். நாற்பத்தொன்றாம் கேள்வி, "ஆபத்து வந்தால் முதலில் யாரிடம் போவீர்கள்?" என்பது. ஐஸ் முதலாளிக்கும் ஏலக்காரருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. "ஏலக்காரரைத் தவிர யாரிடமும் போவேன்" என்று எழுதியிருந்தார் முதலாளி. பக்கத்திலேயே ஏலக்காரரின் தாள் தொங்கியது. "ஐஸ்காரர். பேச மாட்டார், ஆனா வருவார்." முதலாளி அதை மூன்று முறை வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சார், அந்த ரப்பரைக் கொஞ்சம் குடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. சாயங்காலத்துக்குள் என் ரப்பர் தேய்ந்து கடுகாகிவிட்டது, ஆய்வும் அதே அளவுக்கு.

கடைசிக் கயிற்றில் வலைக்கார அம்மா ஒரு தாளின் முன்னால் நின்றுவிட்டார். "'யாருமில்லை'ன்னு போட்டிருக்கு. யாருங்க இது?" கீழ்ப்பாதி மடிந்து ஒட்டியிருந்ததால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. கையெழுத்தும் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. ரப்பரைத் தேடிக்கொண்டிருந்த நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் பயந்துபோனார்கள். புயலுக்கு இவ்வளவு பயந்ததாக எந்தப் படிவத்திலும் இல்லை. "நம்ம ஊர்ல யாருமில்லாத ஆள் ஒருத்தர் இருக்காங்க, நமக்கே தெரியல பாருங்க" என்று ஏலக்காரர் சொன்னார். ஐந்தைந்து பேராகப் பிரிந்து இருட்டுக்குள் வீடு வீடாகப் போனார்கள். இன்று காலையும் மூட்டத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். தூரத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

எனக்கோ எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். ஆகவே வர முடியாது என்பது உறுதி. கோபித்துக்கொள்ளாதே. மாடிப்படியில் பார்த்து இறங்கு. டீச்சருக்கு என் வணக்கம். இத்தனைக்குப் பிறகும் உன் ஆசி எனக்கு உண்டு என்ற தைரியத்தில் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வலைக்கார அம்மா அந்தத் தாளோடு மாடிக்கு வந்தார். காய்ந்து மடிப்பு பிரிந்திருந்தது. என் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிய அதே உருண்டை எழுத்து. "யாருமில்லை. தம்பி இருக்கிறான். அவனுக்கு வேலை இருக்கும்."

"எங்க அக்கா" என்றேன். அவர் திட்டவில்லை. "அப்புறம் ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். கீழே ஐஸ் முதலாளியும் ஏலக்காரரும் ஒருவரோடொருவர் பேசாமலே எனக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. மேலே எழுதியதில் வர முடியாது என்று வரும் இடமெல்லாம் பொய். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன். உன் கண்ணில் கட்டு இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசிக்கிறேன். இங்கே எல்லோரும் பதிலைத் திருத்திக்கொண்டார்கள். உன்னுடையதை மட்டும் வலைக்கார அம்மா என்னைத் தொட விடவில்லை. எழுதினவங்கதான் திருத்தணுமாம். கட்டுப் பிரித்த பிறகு பார்த்துச் சொல். புது ரப்பர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.