எடுத்தால் எரியும் விளக்கு

மனித குலம் நெருப்பை அறிந்தது, சக்கரத்தை அறிந்தது, எதிர்முனையில் போனை எடுத்தாகிவிட்டதா என்பதை மட்டும் அறியாமல் தவித்தது. அந்தக் குறையை 1982-இல் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் நயினார் அரிசி மண்டி தீர்த்து வைத்தது. டெலிபோன் சுவிட்ச் போர்டின் மேல் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு பச்சை விளக்கு. அந்தப் பக்கம் எடுத்தால் இந்தப் பக்கம் எரியும்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பெட்டிக்குச் சந்தனம் வைத்தார்கள். போர்டில் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய்க்கு வைக்கவில்லை. அவள் வெறும் பி.எஸ்ஸி. பௌதிகம், குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், வேலையில் தற்காலிகம். போனை எடுத்ததும் கம்பியில் மின்சாரம் திசை மாறும், அதைத்தான் பெட்டி பிடிக்கிறது என்று அவள் விளக்கப்போக, மானேஜர் குற்றாலலிங்கம் கையமர்த்தினார். "அது பெட்டிக்குத் தெரியும் பிள்ளே. ஒனக்கு எதுக்கு?"

மண்டிக்கு ஒரு மரபு உண்டு. எதிர்த் தரப்பு முதலாளி லைனில் வந்த பிறகே நயினார் முதலாளி வருவார். மண்டிக்கு அரிசி அனுப்பும் நாகர்கோவில் தளவாய் முதலாளிக்கும் அதே மரபு. ஆகவே விளக்கு எரியும். இருவரும் அவரவர் நாற்காலியில் கௌரவமாகக் காத்திருப்பார்கள். இடையில் ஆவுடைத்தாயும் அங்கத்திய ஆபரேட்டர் பிச்சம்மாளும் இருப்பார்கள்.

"எக்கா, சம்பா நூறு மூடை உண்டா?"

"எழுவதுதான் கெடக்கு. மிச்சத்துக்குப் பொன்னி ஏத்தட்டா?"

"ஏத்துங்க. ஒங்க ஆளு லைனுக்கு வாறாரா?"

"மீசைய முறுக்கிட்டு இருக்காரு. ஒங்க ஆளு?"

"இங்க மீச கெடையாது. வயித்தத் தடவிட்டு இருக்காரு."

கடைசியில் முதலாளிகள் சலித்துப்போய் லைனை வெட்டச் சொல்வார்கள். மறுநாள் லாரி வந்து நிற்கும்.

ஓராண்டு முடிந்ததும் ஆவுடைத்தாய் நிரந்தர வேலை கேட்டு மனுக் கொடுத்தாள். பரிசீலிக்க "உயர்மட்டக் குழு" கூடியது: முதலாளி, மானேஜர், முதலாளியின் மைத்துனர்.

"நாகர்கோவிலுக்குப் போட்டதுல எத்தன போன் காலு எடுத்தாங்க?" என்றார் மானேஜர்.

"எல்லாமே சார். பிச்சம்மாக்கா எடுப்பாங்க."

மைத்துனர் சிரித்தார். "பொம்பள எடுத்தா அது எடுத்ததாவுமா? ஆம்பளச் சத்தம் கேக்கணுமாக்கும்!"

குழு ஏகமனதாகத் தீர்மானித்தது: ஆண்டு முழுவதும் ஒரு அழைப்புகூட "எடுக்கப்படவில்லை". ஆயினும் வியாபாரம் இரட்டித்திருக்கிறது; பெருமை பெட்டியைச் சேரும். எனவே பெட்டி நிரந்தரம். ஆவுடைத்தாய் மாதத்தோடு நின்றுகொள்ளலாம்.

மாதக் கடைசி நாள். ஓணம் நெருங்கிவிட்டது, வாசலில் கூட்டம், நாகர்கோவில் லாரியைக் காணோம். முதலாளியே மரபை மறந்து போர்டுக்கு ஓடிவந்தார். ஆவுடைத்தாய் நம்பரைச் சுழற்றினாள். விளக்கு எரிந்தது. மானேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் காதுக்குள் பிச்சம்மாள் கத்தினாள்: "ஆவுடை! லாரி களியக்காவிளை செக்போஸ்டுல நிக்கி! ஒங்க மொதலாளி கையெழுத்து இல்லாம விட மாட்டாங்களாம்! கேக்குதா?"

"எடுத்தாச்சா பிள்ளே?" முதலாளி பதறினார்.

ஆவுடைத்தாய் ஹெட்போனைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"இல்ல மொதலாளி. பொம்பளச் சத்தந்தான் கேக்கு. இன்னும் யாரும் எடுக்கல்ல."