மரக்கட்டையா, பிளாஸ்டிக் கட்டையா

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காளி கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணவும் தயார். நம்பாதவர்கள் ரங்கூன் பபேடானில் மஞ்சுளாவின் டீக்கடைக்குப் போய், வாசலை ஒட்டின மேசையைப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த மேசையைச் சுற்றி நாலு ஸ்டூல். ஒன்றில் குழந்தைவேலு. துறைமுகத்தில் மூட்டை எண்ணி ரிட்டயர் ஆனவர். மற்ற மூன்றையும், “இதுல ஆள் இருக்கா?” என்று கேட்டுக் கேட்டு எட்டு மணிக்குள் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அவரும் மேசையும் இலவசத் தேயிலைத் தண்ணிக் கூஜாவும்தான்.

மனைவி புஷ்பா போய் இரண்டு வருடம். மகன் சிங்கப்பூரில். குடியிருப்பதோ ஆறாவது மாடி. ரங்கூனில் எல்லா மாடிக்காரர்களையும் போல அவரும் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டு, மேல்நுனியில் மணி கட்டியிருந்தார். கீழே இழுத்தால் மேலே அடிக்கும். இழுக்கத்தான் ஆளில்லை. காற்றுக்கு அடித்தபோது இரண்டு தடவை ஓடிப்போய் எட்டிப் பார்த்திருக்கிறார்.

டீக்கடையில் துப்பாக்கி என்று உரக்கச் சொன்னாலும் யாரும் எழுந்து ஓடாத 2017 அது. ஒரு நாள் காலையில், கடைசிக் காலி ஸ்டூலில் ஒரு கை விழுந்தது.

“இதுல ஆள் இருக்கா?”

“இருக்கு” என்று குழந்தைவேலுவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“எங்கே?”

“வர்றாரு. என் ரெட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பின்கட்டை மாத்தணும். தோள்ல முட்டுக் கொடுப்போமே, அந்தக் கட்டை. மரத்துல போடறதா, பிளாஸ்டிக்ல போடறதான்னு அவர்கிட்ட கேக்கணும்.”

அவரிடம் துப்பாக்கி கிடையாது. எதிர்ச்சுவர் காலண்டரில் ஒருவன் வாத்து சுட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ஸ்டூலைத் தூக்கியவர் அதைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார். “அவர் எதுக்கு? என்னைக் கேளுங்க. நான் பர்கத்துல்லா. துப்பாக்கிச் சாமான்தான் நமக்கு வியாபாரம். மரம் வேணாம். இந்த ஊர் மழைக்கு ஊதிப்போயிரும். பிளாஸ்டிக்னா ஆத்துல விழுந்தாலும் எடுத்துத் தொடைச்சுக்கலாம். பாங்காக்லேர்ந்து வரவழைச்சுத் தர்றேன்.”

பக்கத்து மேசையிலிருந்த மெலிந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலோடு நகர்ந்து வந்தார்.

“என்ன பாய், ஆளைக் கொல்லப் பாக்குறீங்களா? பிளாஸ்டிக்குக்கு ஏது கனம்? சுட்டா உதைக்கிற உதையெல்லாம் இவர் தோள்லதான் எறங்கும். மரம்னா பாதி உதையைத் தானே வாங்கிக்கும். செல்லக்கண்ணு, தச்சன், நான் சொல்றேன். கையை மடக்குங்கண்ணே.”

முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை ஜாணால் அளந்தார். டேப் மறந்துவிட்டதாம். “பதினாலு” என்றார். பதினாலு என்ன என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அந்தக் கையை யாரும் தொட்டதில்லை.

“எதுக்கும் இன்னொரு தடவை அளந்துருங்களேன்” என்றார் குழந்தைவேலு.

அதற்கப்புறம் தினமும் ஏழரைக்கு மணி அடித்தது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே கயிற்றைப் பிடித்தபடி, பர்மியப் பெரியவர்களைக் கூப்பிடுவதுபோல ‘ஊ’ சேர்த்துக் கூப்பிடுவார் பர்கத்துல்லா. “எறங்கி வாங்க ஊ வேலு! மரக்கட்டைக்காரர் வந்து உக்காந்தாச்சு!”

பிளாஸ்டிக் கட்டை எல்லையில் மாட்டிக்கொண்டது. மரக்கட்டை மழைக்காலம் முடியாமல் காயாது என்றாகிவிட்டது. மூவரில் யாருக்கும் அவசரமில்லை.

ஆடி பிறந்த அன்று, கக்கத்தில் ஃபைலோடு ஒருவர் வந்து நாலாவது ஸ்டூலில் உட்கார்ந்தார். சலவைச் சட்டை, மடிப்புக் கலையாத லோஞ்சிக் கைலி.

“சிவராஜ். வார்டு ஆபீஸ். துப்பாக்கி யாருது?”

குழந்தைவேலுவுக்குத் தேயிலைத் தண்ணி மூக்கில் ஏறியது. “எ… என்னுது. இப்ப ரிப்பேருக்குச் செல்லக்கண்ணுகிட்ட இருக்கு.”

செல்லக்கண்ணு ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்தார். “இருந்துச்சு சார். பாய் கடைக்கு அனுப்பிட்டேன்.”

“நானா? நான் க்யிம்யிண்டைங்ல ஒருத்தர் வீட்ல வச்சிருக்கேன்” என்றார் பர்கத்துல்லா.

சிவராஜ் நிதானமாக எழுதினார். “ஆக, மூணு துப்பாக்கி.”

“ஒண்ணுதான் சார்!”

“மூணு எடம் சொன்னீங்க. மூணு பாரம் நிரப்பணும்.”

குழந்தைவேலு காப்பாற்றப் பார்த்தார். “அதை வித்தாச்சு சார். போட்டாதாங் துறையில, படகுக்காரர் ஒருத்தர்கிட்ட.”

“அப்ப படகுக்காரருக்கு ஒரு பாரம். நாலு.”

ஆபீசில் ஃபேன் ரிப்பேராம். விசாரணை டீக்கடையிலேயே நடந்தது, தினமும் எட்டு மணிக்கு. தேக்கா, படாக் மரமா? பிளாஸ்டிக்கில் பிடி வழுக்குமா? மூன்றாம் நாள் ஆபீசரே ஒரு கட்சி கட்டிவிட்டார். “முன்னால மரம், பின்னால பிளாஸ்டிக் போட்டா என்ன?”

“போங்க சார்! வேட்டிக்கு மேல கோட்டு போட்டாப்புல இருக்கும்” என்றார் செல்லக்கண்ணு, பயத்தையும் மறந்து.

எட்டாம் நாள் கிளம்பும்போது சிவராஜ் சொன்னார். “நாளைக்கு மூணு பேரும் கையெழுத்துப் போடணும். ஆளுக்கொரு துப்பாக்கி.”

குழந்தைவேலு வீட்டுக்குப் போய், கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டிவைத்தார். தன் வாயால் இரண்டு பேர் உள்ளே போக வேண்டாம். உண்மையைச் சொன்னபின் யார் வந்து இழுக்கப் போகிறார்கள்?

மறுநாள் மணி அடிக்கவில்லை. தானே இறங்கிப் போனார்.

“சார், இவங்களை விட்டுருங்க. என்கிட்ட துப்பாக்கியே கிடையாது. அந்தக் காலண்டர்ல பாத்ததுதான். ஸ்டூலைத் தூக்கிட்டுப் போறாங்களேன்னு சொல்லிட்டேன்.”

கூஜாவின் மூடியைத் திறந்து மூடினார் பர்கத்துல்லா.

“நான் வித்தது பிளாஸ்டிக்தான். வாளி, குவளை. அந்தக் கடையையும் மருமகன் எடுத்துக்கிட்டு ஆறு வருசமாச்சு.”

செல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். “ஓட்டை போடறதுதான் என் வேலை. மரத்துல இல்ல, ரயில் டிக்கெட்ல.”

மூவரும் ஆபீசரைப் பார்த்தார்கள். அவர் முகம்தான் எல்லாரையும்விட வெளுத்திருந்தது. நாலு பாரங்களையும் மெல்ல அடுக்கி ஃபைலில் வைத்தார்.

“அப்ப… விசாரணை முடிஞ்சுதுன்னுதான் வச்சுக்கணுமா?” என்றபடி, எழ மனமில்லாதவர்போல எழுந்தார்.

உடனே பின்னாலிருந்து ஒரு கை அவர் ஸ்டூலில் விழுந்தது. “ஆபீசர் கிளம்பிட்டாரே, இதை எடுத்துக்கவா?”

மஞ்சுளா கல்லாவிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வையுங்க கீழே. எந்த ஆபீசர்? அவரு ரிட்டயர் ஆகி நாலு வருசமாச்சு. அந்த ஸ்டூலையும் எடுத்துட்டா மனுசன் வேற எங்கே போய் உக்காருவாரு?”