சந்தனம் பூசிய கரும்பலகை

மைசூர் மண்டி மொஹல்லாவில் மாவு மில், அதை ஒட்டி மரக்கடை, மேலே இரண்டு மாடி வீடு. எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை. ஆரம்பம் தேவராஜ மொஹல்லாவில் ஒரு வாழைப்பழக் கடை. அது என் கையில் நின்றதற்குக் காரணம், உலகத்தில் ஒரு ஜீவனையும் நம்பாத சாக்பீஸ் மாமா.

பக்கத்துக் காப்பிப்பொடிக் கடைக்காரர், மேல்கோட்டை ஐயங்கார். விடிந்ததும் வாசல் கரும்பலகையில் அன்றைய சந்தேகத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவார். 'பால்காரர் குடத்தில் மட்டும் மழை பெய்திருக்கிறது.' 'கோயில் நடை சீக்கிரம் சாத்துகிறது. அர்ச்சகர் எங்கே போகிறார்?' என்னைப் பற்றி: 'பழம் நேற்றையது.'

சுதந்திரம் வந்த புதுசு. மார்க்கெட்டில் யாருக்கு அதிகாரம் என்று தெரியாததால் ஒரு பைல்வான் தானே எடுத்துக்கொண்டார். கையில் பழைய வாள். என் கடை அவர் மைத்துனனுக்கு வேண்டுமாம். மறுநாள் காலி செய்யாவிட்டால் வெட்டு. போலீஸில் சொன்னேன். கொஞ்ச நாள் வெளியூர் போகச் சொன்னார்கள்.

மாமா முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். "நீயே அவனைக் கூட்டிண்டு வந்திருப்பே. பழம் விக்கலைன்னா வேற என்ன பண்ணுவே?" பிறகு எழுதினார்: 'நாளைக் காலை பைல்வான் வாளோடு வந்து வாழைப்பழத்தை ஜெயிக்கிறார். அனைவரும் வருக.'

மறுநாள் ஆயுத பூஜை என்பதைப் பைல்வான் மறந்திருந்தார். வாள் அவர் வீட்டில் குங்குமத்தோடு படுத்துவிட்டது, தொடக்கூடாது. மாமாவின் சாக்பீஸும் சாமி முன்னால்தான். ஆனால் முந்தின நாள் எழுதியது வாசலிலேயே நின்று வேலை பார்த்தது. ஊரே கூடிவிட்டது.

பைல்வான் வெறுங்கையோடு வந்தார். படிக்கத் தெரியாது. பூக்காரரைக் கேட்டார்.

"நீங்க ரொம்ப நல்லவர்னு எழுதியிருக்கு, பைல்வான்ரே."

"அப்புறம் ஜனம் ஏன் சிரிக்குது?"

நாலு பேரைக் கேட்டார். நாலு பேரும் பயத்தில் நாலு விதமாகப் புகழ்ந்தார்கள். சந்தேகம் முற்றி, பலகையை அழிக்கக் கையை நீட்டினார்.

மாமா நகரவில்லை. "தொடப்படாது. பலகைக்கும் சந்தனம் வெச்சிருக்கு. பூஜையிலே இருக்கு."

நீட்டிய கையைப் பைல்வானால் சும்மா இறக்க முடியவில்லை. ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் வாள் எழுந்துவிட்டது, அவர் வரவில்லை. போகிற இடமெல்லாம் "வாழைப்பழம் ஜெயிச்சாச்சா?" என்று கேட்டால் எப்படி வருவார்?

மாமாவின் சாமர்த்தியம் என்று மைசூரே பேசுகிறது. பேசட்டும். அன்று விடியற்காலையில் அந்தப் பலகைக்குச் சந்தனம் பூசியவன் நான். இதை எங்காவது எழுதியாக வேண்டும். மாமா இருந்தால் கீழே 'சந்தேகம்' என்று எழுதுவார். எழுதட்டும், அந்தக் கையெழுத்தை இன்னொரு தரம் பார்த்தால் போதும்.