மெக்கானிக்கைக் கூப்பிடாத மனிதர்

கார் வைத்திருப்பவர்களில் ஒரு வகையினர், வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். வண்டி நின்றுபோனால் உள்ளூரச் சந்தோஷப்படுகிற இன்னொரு வகை இருக்கிறதே, அதைத்தான் நாம் இப்போது பார்க்கப்போகிறோம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு வாசலில் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்த வாய்க்குள் இடுப்புவரை ஒரு மனிதர் இருப்பார். "என்ன சார், ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ரிப்பேர் என்பது சாதாரணக் கார்களுக்கு வருவது. "சார்ஜிங்ல ஒரு சின்ன விஷயம்" என்பார். அந்தச் சின்ன விஷயத்துக்கு ஒன்பது மாதம் வயதாகியிருக்கும்.

நம்மவர் கல்லூரியில் பூகோளம் நடத்துகிறார். தெருவில் அவருக்கு 'வோல்ட் சார்' என்று பெயர். யாராவது சௌக்கியமா என்று கேட்டால், பேட்டரி இன்று காலை எத்தனை வோல்ட் காட்டியது என்பதைத்தான் பதிலாகச் சொல்வார். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டவேண்டியது ஆல்டர்னேட்டரின் வேலை. இவர் வண்டியில் அது ஒரு நாள் ஊட்டும், மறுநாள் பட்டினி போடும். முதலில் பேட்டரியை மாற்றினார். அப்புறம் பெல்ட்டை மாற்றினார். அப்புறம் ஆல்டர்னேட்டரையே மாற்றிவிட்டு, ஒரு வாரம் யோசித்து, பழையதுதான் உயர்ந்த ஜாதி என்று தீர்மானித்து அதையே திரும்ப மாட்டினார். ஒவ்வொரு முறையும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு பேட்டரியருகே குனிந்து நின்று, மனைவியை உள்ளே உட்காரவைத்து, "நல்லா மிதி!" என்று கத்துவார். என்ஜின் தெருவே அதிர உறுமும். முள் பதினாலு வோல்ட்டைத் தொடும்; சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

"பாத்தியா? பதினாலு!"

வியாதி தீர்ந்தது. இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். நர்ஸம்மாவுக்குப் பொறுமை அதிகம். முப்பது வருடமாக நோயாளிகளோடு பழகிய கை.

"ஏங்க, அடுத்த தெருவுல எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வண்டி வயரிங் எல்லாம் பாக்கறாராமே. ஒரு தடவ காட்டினா என்ன?"

"கண்டவங்க கை வச்சா கெடுத்துடுவாங்க."

"இப்ப கெடாம இருக்கா?"

இந்த மாதிரிக் கேள்வி வரும்போதெல்லாம் அவருக்கு என்ஜினுக்குள் அவசர வேலை வந்துவிடும்.

இப்படியிருக்கையில், நர்ஸம்மாவைக் கௌரவிக்க ஆஸ்பத்திரியில் மாலை ஆறரை மணிக்கு ஒரு விழா ஏற்பாடாயிற்று. டாக்ஸி சொல்லிவிடலாம் என்றார் நர்ஸம்மா. நம்மவருக்கு மனசு கேட்குமா? காரின் துணிக்கூரையைத் திறந்துவிட்டு ராணி மாதிரி கொண்டுபோய் இறக்குவேன் என்று ஒரே பிடியாக நின்றார். நர்ஸம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "தலைமுடி கலைஞ்சிடும். மெதுவா ஓட்டுங்க."

தூங்குகிற குழந்தையை மடியில் வைத்திருப்பவர் போல ஓட்டினார். இருட்டத் தொடங்கியதும் முகப்பு விளக்குகளைப் போட்டார். பாலத்தின்மேல் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஹார்னை அமுக்கினால் பூனை முனகுவது போல ஏதோ கேட்டது. விளக்கு மஞ்சளானது, அப்புறம் பழுப்பானது. என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது.

"அஞ்சே நிமிஷம்" என்று பானெட்டைத் திறந்தார்.

நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபது. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை மெல்லச் சாத்தினார். ஓங்கி அறைந்திருந்தாலாவது தேவலை. புது உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நகரத் தொடங்கிய பஸ்ஸை நோக்கி ஓடுகிற மனைவியை, ராணியாக்குவதாகச் சொன்னவர் ஸ்பானரோடு பார்த்துக்கொண்டு நின்றார். முதல் முறையாக அவருக்கு அந்த வண்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போனை எடுத்தார்.

அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் பைக்கின் பின்னால் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார். எதையும் கழற்றவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாவியத் திருப்பினா டாஷ்போர்டுல பேட்டரி விளக்கு சிவப்பா வருமே சார், வருதா?"

"வர்றதே இல்ல!" என்றார் பெருமையாக. "எச்சரிக்கை விளக்கு எரியற அளவுக்கெல்லாம் நான் விட்டதில்ல."

எலக்ட்ரீஷியன் கையை உள்ளே விட்டு, சுண்டுவிரல் நக அளவில் ஒரு பல்பைப் பிடுங்கிக் காட்டினார். கருகியிருந்தது.

"இந்த மாதிரிப் பழைய வண்டியில இந்த பல்பு வழியாத்தான் சார் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்டு போகும். அந்தக் கரண்டு கிடைச்சாத்தான் அது எழுந்திருக்கும்."

"பதினாலு காட்டுச்சேப்பா!"

"ஓங்கி மிதிச்சா தானா முழிச்சுக்கும். மெதுவா ஓட்டினா தூங்கிட்டே வரும்."

புது பல்பு மாட்டி, கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கரண்டு கொடுத்ததும் வண்டி கிளம்பியது. மிதிக்காமலே பதினாலு.

அவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா வாசல் படியில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேசச் சொன்னாங்க" என்றார். "உங்களுக்குத்தான் நன்றி சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நாற்காலி காலியா இருந்துச்சு."

நம்மவர் போய் அருகில் உட்கார்ந்தார்.

"என்னவாம் வண்டிக்கு?"

"அதுவா... ரெகுலேட்டர் சைடுல ஒரு சிக்கலான..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "பல்பு."

"பல்பா?"

"பல்பு."

நர்ஸம்மா கேடயத்தால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தப்பில்லை என்று தெரிந்தபின், அவரும் சிரித்தார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? எலக்ட்ரீஷியன் போட்ட பல்பு சரியான ரகம்தானா என்று இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

பாவம் மனிதர் என்று நீங்கள் புன்னகைப்பது தெரிகிறது. அவசரப்படாதீர்கள். சற்று முன் எலக்ட்ரீஷியன் அந்தச் சிறு பல்பை வெளியே எடுத்தாரே, அப்போது, "எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம்தான்" என்று உங்கள் தலை லேசாக ஆடியதா, இல்லையா?