முன்னங்காலில் காது

ஒரு காட்டில், ஐப்பசி ஏழாம் தேதி மாலை நாலரை மணிக்கு, பாட்டு அனுமதி அலுவலக வாசலில் நாற்பத்தொரு வெட்டுக்கிளிகள் வரிசையில் நின்றன. கடைசியாக நின்றவன் கோமதிநாயகம். இலையின் நிறம், இலையின் நரம்பு, பூச்சி அரித்த ஓட்டை உட்பட அப்படியே இலை. இறக்கையை உரசிப் பாடினால்தான் பெண்ணுக்கு அவன் ஆள் என்று தெரியும். பருவம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. வெட்டுக்கிளிக்கு அடுத்த பருவம் கிடையாது.

மரப்பொந்தில் தலைகீழாகத் தொங்கியபடி வௌவால் அதிகாரி படிவங்களைப் பார்த்தார்.

"பாடுற மரம், கிளை, நேரம் தெளிவா இருக்கணும். நேர்ல வந்து சரிபார்ப்போம்."

கோமதிநாயகத்தின் தாளில் அவர் நகம் நின்றது.

"காது இருக்குமிடம், முன்னங்காலா?"

"அங்கதான சார் இருக்கு? முட்டிக்குக் கீழ. பாருங்க."

"படிவத்துல தலை மட்டுந்தான் இருக்கு. திருத்திக் கொண்டு வாரும்."

அனுமதி வாங்கிவிட்ட பேச்சிமுத்து சிரித்தான். "நான் தலைன்னுதாம்வே போட்டேன். ஒரு டிக் அடிச்சா உம்ம கால் ஒடிஞ்சா போவும்?"

"இல்லாத எடத்துல இருக்குன்னு எப்படிவே எழுத?"

"அப்பம் கடைசிவரைக்கும் இலையாவே இரும்."

அன்று பொழுது சாய்ந்ததும் நாற்பது பேர் பாடினார்கள். அதிகாரி சொன்ன சொல் தவறாமல் நேரில் போனார். கிளை கிளையாகப் பாட்டு நின்றது. பேச்சிமுத்து இரண்டாவது சரணம்வரை தாக்குப்பிடித்தான்.

மறுநாள் வரிசையில் கோமதிநாயகம்தான் முதல் ஆள். இரண்டாவது ஆள் இல்லை. அலுவலகம் சுறுசுறுப்பாகிவிட்டது என்று மகிழ்ந்தான். வேலை நேரத்தில் அதிகாரி எதையும் சாப்பிடுவதில்லை. படிவத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். ஐந்து நாளும் அப்படியே.

ஆறாம் நாள் வெளியே ஒரு கிளையில் உட்கார்ந்து ஆத்திரத்தில் உடம்பு முழுக்க நடுங்கினான். சத்தமே இல்லை. அந்த நடுக்கம் கிளை வழியாக ஓடி, மறுமுனையில் இருந்த செண்பகவல்லி என்ற பெண் வெட்டுக்கிளியின் காலில் ஏறியது.

"யாரு அது, கிளையப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுறது?"

"நாந்தான். கோவத்துல நடுங்குதேன்."

"நல்லாத்தான் இருக்கு," என்று பக்கத்தில் வந்தாள். "இன்னொரு தடவ நடுங்கும், பாப்போம்."

நடுங்குவதற்கு அந்த அலுவலகத்தில் படிவமே இல்லை.

ஐப்பசி பத்தொன்பதாம் தேதி, செண்பகவல்லி ஒரு வேங்கை மரப் பட்டைக்குள் எழுபது முட்டைகள் இட்டாள்.

நீதி: படிவத்தில் எப்போதும் உண்மையையே எழுதுக. எந்த அலுவலகமும் உங்களை ஏற்றுக்கொள்ளாது. பருவம் முழுக்க உயிரோடிருக்கலாம்.