உறைக்குள் இருந்த பீர்

நோலீனின் பூதக்கண்ணாடிக்குத் தப்பிய சாப்பாட்டுச் சாமான் மூண்டா ஊரில் எதுவும் கிடையாது. கடையில் அவள் ஒரு சாஸ் பாட்டிலைக் கையில் எடுத்தால் போதும், தள்ளுவண்டியோடு பின்னால் நிற்கிறவர்கள் பேசாமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். சோயா சாஸில் கோதுமை! கார்ன்ஃப்ளேக்ஸில் பார்லி! அட, கறுப்பு மிட்டாயில்கூட கோதுமை! எல்லாம் புருஷன் கிளெம்முக்காகத்தான். அவனுக்கு சீலியாக் என்று ஒரு வியாதி. கோதுமை, பார்லியில் இருக்கிற க்ளூட்டன் என்ற சத்து துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். போன கோடையில் ஆள் ரத்தமில்லாமல் வெளுத்து, கார் கதவைத் திறக்கவே மூச்சு வாங்கினான். அப்போது நோலீன் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

ரொட்டி போயிற்று. கிளெம் பொறுத்துக்கொண்டான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பேஸ்ட்டி போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் பொறுத்துக்கொண்டான். பீரும் பார்லியில்தான் காய்ச்சுகிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் மூண்டாவில் போர் மூண்டது.

"இந்தா, இது சோளத்துல காய்ச்சினது. குடிச்சுப் பாரு."

ஒரு வாய் குடித்தான். தொட்டியில் துப்பினான்.

"கழுதையைக் குளிப்பாட்டின தண்ணி மாதிரி இருக்கு!"

"அதை எப்போ குடிச்சுப் பார்த்தே?"

அவளுக்குப் பதில் சொல்லும் பழக்கம் கிளெம்முக்குக் கல்யாணமான புதிதிலேயே விட்டுப்போயிற்று.

"இதோ பாரு கிளெம். ஆறு மாசம் ஒழுங்கா இரு. ரத்தப் பரிசோதனை நல்லா வந்தா, நீயும் பக்கத்து வீட்டு ராஸும் ஸ்ட்ரீக்கி பே போய் ஆசை தீர மீன் பிடிங்க. ஏதாவது திருட்டுத்தனம் பண்ணினே, என்கூட அடிலெய்டுக்கு, மார்ஜ் அக்கா வீட்டுக்கு வரணும்."

மார்ஜ் அக்கா வீட்டில் ஒரு ஆர்கன் பெட்டி உண்டு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வாசிப்பாள். கூடவே பாடாதவனுக்கு அந்த வீட்டில் காப்பி கிடையாது.

ஆனாலும் பீர் பீர்தானே? அடுத்த சனிக்கிழமை ராஸ் வீட்டுக் கொல்லையில், அடுப்பில் சாஸேஜ் வெந்துகொண்டிருந்தபோது கிளெம்முக்கு ஞானம் பிறந்தது. அந்த ஊரில் எவனும் பீரை வெறும் பாட்டிலாகப் பிடிக்க மாட்டான். சூடேறாமல் இருக்க ரப்பர் உறை மாட்டித்தான் பிடிப்பான். உறை மாட்டினால் லேபிள் மறைந்துபோகும். லேபிளே இல்லாத இடத்தில் பூதக்கண்ணாடிக்கு என்ன வேலை?

"ராஸ், இனிமே மூடியைக் கழட்டி, உறையை மாட்டி உன் பீரை என் கையில கொடுத்துடு. கேட்டா சோள பீர்னு சொல்லிக்கலாம்."

"நோலீனுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சுடுவா மாப்ளே!"

"தெரிஞ்சாத்தானே?"

ராஸ் தாடையைச் சொறிந்தான். "சரி, அடுத்த வாரத்துல இருந்து" என்றான்.

அப்புறம் என்ன, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை திருவிழாதான். வேலிக்கு அப்பால் நோலீன் தலை தெரிந்ததும் கிளெம் முகத்தைக் கோணிக்கொள்வான்.

"என்ன குடிக்கிறே?"

"அந்தக் கண்றாவிச் சோள பீரைத்தான். வாயில வைக்க முடியல. என் தலையெழுத்து!"

"ஐயோ பாவம்" என்பாள் நோலீன். அவள் திரும்பியதும் கிளெம் நாக்கைச் சப்புக்கொட்டுவான். "இதாண்டா பீர்!"

பரிசோதனை நாள் நெருங்கியபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. பாட்டிலுக்கு உறை மாட்டலாம், ரத்தத்துக்கு மாட்ட முடியுமா? டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது மார்ஜ் அக்காவின் ஆர்கன் அவன் காதிலேயே கேட்டது.

"பிரமாதம்! இவ்வளவு நல்ல ரிசல்ட்டை நான் எதிர்பார்க்கல" என்றார் டாக்டர்.

நோலீன் அவனைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். வேறொருவன் என்றால் வாயை மூடிக்கொண்டு தூண்டிலை எடுத்திருப்பான். கிளெம்முக்கோ தலைக்கனம் ஏறிப்போயிற்று. அந்த வாரம் ராஸ் வீட்டில், வேலிக்கு அப்பால் நோலீன் தலை தெரிந்ததும், உறை மாட்டிய பாட்டிலை உயரத் தூக்கினான்.

"நோலீன், நாளைக்கே பேஸ்ட்டி வாங்கு! எனக்கு வியாதியே இல்ல. இத்தனை நாளா நான் குடிச்சது சோள பீர்னா நினைச்சே? அசல் பார்லி! இது இரும்பு உடம்பு!"

ராஸ் சட்டென்று சாஸேஜைப் புரட்டப் போய்விட்டான். நோலீன் நிதானமாக வந்தாள். பாட்டிலிலிருந்து உறையை உருவினாள். பூதக்கண்ணாடியை அவன் கையில் வைத்தாள்.

"படி."

படித்தான். சோளம். க்ளூட்டன் இல்லாதது.

"நீ கேட்ட மறுநாளே ராஸ் என்கிட்ட வந்து நின்னான். அவன் ஃப்ரிட்ஜுல இதை அடுக்கினதே நான்தான்."

"உன் குடலை நானே கெடுப்பேனாடா?" என்றான் ராஸ், திரும்பிப் பார்க்காமல்.

கிளெம் சுதாரித்துக்கொண்டான்.

"எப்படியோ ரத்தம் நல்லா வந்துடுச்சு இல்ல? அப்போ ஸ்ட்ரீக்கி பே உண்டுதானே?"

"இருந்தது. தூண்டிலுக்குப் புது நரம்புகூட வாங்கி வச்சிருந்தேன். நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நானும் திறந்திருக்க மாட்டேன். திருட்டுத்தனத்தை உன் வாயாலயே சொல்லிட்டியே மனுஷா! மார்ஜ் அக்காவுக்கு இப்பவே போன் பண்றேன். பாட ஆள் கிடைச்சா குதிப்பா."

கிளெம் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். அது காலியாகியிருந்தது.

"ராஸ்," என்றான் ஈனஸ்வரத்தில், "இன்னொரு கழுதைத் தண்ணி கொடுடா."